செம்பு எட்டிப்பார்க்கும் ரோமானிய வெள்ளிக்காசு

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் பழங்காசுக் கடையில் வாங்கித் தந்த ரோமானிய ‘வெள்ளி’க்காசு இது. முன்புறம் முள்முள்ளான கிரீடத்தோடு ரோமானியப் பேரரசர் காலியேனஸ் தலை, பின்புறம் மான். ஓரத்தில் செம்பு தெரிகிறது. நகைப் பட்டறையில் உரசிப் பார்த்து, ‘இதில் வெள்ளியே இல்லை’ என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா? புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: முதலில் புளியைத் தூர வையுங்கள். இந்தக் காசில் வெள்ளி என்று இருப்பதே பெரும்பாலும் மேற்பூச்சுதான். ஒரு தேய்ப்பில் அதுவும் போய்விடும்.

பட்டறையில் சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனால் அதனால் காசு போலியாகிவிடாது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு ஏறக்குறைய சுத்த வெள்ளி; 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கி.பி. 64இல் நீரோ எடை, மாற்று இரண்டிலும் கை வைத்தார். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் ஏறத்தாழ பாதி செம்பு. 215இல் கராகல்லா புதிதாக ஒரு காசு அடித்தார்: மதிப்பு இரண்டு டெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளியோ சுமார் ஒன்றரைக்குத்தான். அதன் அடையாளம்தான் அந்தக் கதிர்க்கிரீடம். சேகரிப்பாளர்கள் அதை அண்டோனினியானஸ் என்பார்கள். காலியேனஸ் ஆட்சியின் கடைசியில் (அவர் இறந்தது 268இல்) அதே காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை.

கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிப் புதையல்களில் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸ் காசுகளே மிகுதி. மாற்றுக் குறைந்ததை நம் வணிகர்கள் சீந்தவில்லை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. நம்மிடமும் உரைகல் இருந்ததே!

உங்கள் மான், காலியேனஸைக் காக்க வேட்டைத் தெய்வமான டயானா தேவியை வேண்டி ரோமில் அடித்த வரிசையைச் சேர்ந்தது. காலடியில் ஒற்றை எழுத்து இருக்கிறதா பாருங்கள். நாணயச்சாலையின் எந்தப் பிரிவு அடித்தது என்பதற்கான குறி அது.

போலியா என்பதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகள், மழுங்கிய எழுத்து, விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் இருந்தால் அச்சில் வார்த்தது என்று சந்தேகப்படுங்கள். விளிம்பில் வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சுத்தியலால் அடித்த காசில் அது சகஜம்.

காகித உறையில் வையுங்கள், பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதில் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். இன்னொருமுறை உரசவும் விடாதீர்கள்.