என்.சி.பி. புரொடெக்ட்: 1,150 ரூபாய் கூடுதலாகக் கட்டலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 1,200 சி.சி. ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போடாததால் இந்த முறை 45% நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) தள்ளுபடி வந்திருக்கிறது. போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் (சொந்தக் காருக்கு நேரும் சேதத்துக்கான) பிரீமியம் 12,000 ரூபாய். 'என்.சி.பி. புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு) சேர்த்தால் கிளெய்ம் போட்டாலும் போனஸ் போகாது, 1,150 ரூபாய் பிளஸ் ஜி.எஸ்.டி.தான் என்கிறார் ஏஜென்ட். மகள் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், இனி தினமும் கல்லூரிக்குக் காரில் போகப்போகிறாள். எடுக்கலாமா?

பதில்: இந்த ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். மகள் ஓட்டப்போவதில்லை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போனஸ் கிடைப்பது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். உங்கள் கார் வகைக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த 3,416 ரூபாய் தேர்டு பார்ட்டி (பிறருக்கு நேரும் பாதிப்புக்கான) பிரீமியத்தில் ஒரு பைசா குறையாது. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று போனஸ் ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். தப்பு யார்மேல் என்பது இதில் கணக்கே இல்லை. அமெரிக்காவில் விற்கும் 'ஆக்சிடென்ட் ஃபர்கிவ்னெஸ்' ஓட்டியவர் தவறால் நடந்த விபத்துக்கானது. நம் ஊரில் நிறுத்தி வைத்த கார்மேல் வேப்பமரக் கிளை விழுந்து கிளெய்ம் போட்டாலும் போனஸ் போய்விடும்.

போனால் எவ்வளவு நஷ்டம்? கார் பழசாகப் பழசாக ஐ.டி.வி. (பாலிசியில் காட்டும் காரின் மதிப்பு) இறங்கும், ஓன் டேமேஜ் பிரீமியமும் வருடம் 10% குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் 10,800 ரூபாய். கிளெய்ம் போட்டபோது புரொடெக்ட் இருந்தால், இப்போதுள்ள 45 பொதுவாக அப்படியே நிற்கும், 50-க்கு ஏறாது. இல்லாவிட்டால் பூஜ்யம். அந்த வருட வித்தியாசம் மட்டும் 4,860 ரூபாய். அதற்கடுத்த வருடங்களில் வேறு கிளெய்ம் இல்லையென்றால், புரொடெக்ட் இருந்தவருக்கு 50 ஆகும், இல்லாதவர் 20-லிருந்து ஏறுவார்; 50-க்கு 20, 50-க்கு 25, 50-க்கு 35, 50-க்கு 45 என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்: 2,916, 2,187, 1,181, 354. ஐந்து வருடமும் சேர்த்து சுமார் 11,500, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. போட்டால் சுமார் 13,500 ரூபாய். ஆட்-ஆன் ஜி.எஸ்.டி.யோடு 1,357. ஆக, பத்து வருடத்தில் ஒரு பெரிய கிளெய்ம் வந்தால்தான் கட்டிய காசு திரும்பும். நான்கு வருடம் ஒன்றும் நேராத உங்களுக்கு இது அவ்வளவு லாபமில்லை. புதிதாக ஓட்டுபவர் தினமும் கோவை டிராஃபிக்கில் போனால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

'பெரிய' கிளெய்ம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பம்பர் உடைகிறது: புது பம்பர் 6,000, பெயின்டிங் 4,000 என்று வொர்க்‌ஷாப் பில் போடுகிறது. ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஆட்-ஆன்) இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி, அதாவது 3,000 போய்விடும். பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியலாகக் கணக்கிட்டு, அதில் பாதியான 500-ஐயும் கழிப்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000. கைக்கு வருவது 5,500. புரொடெக்ட் இல்லாமல் இந்த 5,500-க்காகக் கிளெய்ம் போடுவது 13,500-ஐ விட்டெறிவது. சொந்தக் காசில் சரிசெய்துவிடுவதே மேல். புரொடெக்ட் இருந்தால் கிளெய்ம் போடலாம், ஆனால் அங்கே ஆட்-ஆனால் உங்களுக்கு மிச்சமாவது அந்த 5,500 மட்டுமே. ஏஜென்ட்டுகள் காட்டும் கணக்கில் இந்த வித்தியாசம் வராது.

'இன்ஷூரன்ஸில் போட்டுடலாம் சார், எல்லாத்தையும் சேர்த்து' என்று வொர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். முன் பம்பர் ஒரு நாள், பின் கதவு இன்னொரு நாள் என்றால் அவை இரண்டு கிளெய்ம்; கட்டாயக் கழிவும் இரண்டு முறை. பல பாலிசிகளில் புரொடெக்ட் வருடத்துக்கு ஒரு கிளெய்முக்குத்தான். இரண்டாவது கிளெய்மில் எல்லாம் போச்சு.

எனக்கு இதில் பிடிக்காத விஷயம் வேறு. இந்த ஆட்-ஆன் காப்பது போனஸ் சதவிகிதத்தை மட்டுமே. அடிப்படை பிரீமியத்தை அல்ல. கிளெய்முக்குப் பிறகு நிறுவனம் 10,800-ஐ 14,000 ஆக்கிவிட்டு அதில் 45% தள்ளுபடி தரலாம். சரி, வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்றால், அவர்கள் கேட்பது 'போன வருடம் கிளெய்ம் உண்டா?' என்றுதான். காப்பாற்றிய போனஸ் பெரும்பாலும் அதே நிறுவனத்தில் புதுப்பித்தால் மட்டுமே செல்லும். கிளெய்மை மறைத்து 45% வாங்கினால், பின்னால் தெரியவரும்போது ஓன் டேமேஜ் பாதுகாப்பே ரத்தாகும். அதனால் பணம் கட்டுமுன் ஏஜென்ட்டின் வாய்ச்சொல்லை நம்பாமல் நிறுவனத்துக்கே மெயில் போட்டுக் கேளுங்கள்: எத்தனை கிளெய்ம் வரை? 45 நிற்குமா, 50 ஆகுமா? மொத்த இழப்புக்கும் திருட்டுக்கும் செல்லுமா? நிறுவனம் மாறினால் போனஸ் சான்று தருவீர்களா?

இன்னொன்று. ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாமல் புரொடெக்ட் மட்டும் எடுப்பதில் அர்த்தமில்லை. ஐந்தாம் வருடக் காருக்கும் பல நிறுவனங்கள் ஜீரோ டெப் தருகின்றன, முதலில் அதைக் கேளுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சாலையில் மகள் போவதானால் அடுத்தது என்ஜின் புரொடெக்ட். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. என்.சி.பி. புரொடெக்ட் மூன்றாவதுதான்.

எதிராளி மேல் இடித்து அவருக்கு மட்டும் நஷ்டஈடு போனால் அது தேர்டு பார்ட்டி கணக்கு, உங்கள் போனஸுக்கு ஆபத்தில்லை. புதுப்பிக்க 90 நாளுக்கு மேல் தாமதித்தால் மட்டும் கிளெய்மே இல்லாமல் போனஸ் போய்விடும், எந்த ஆட்-ஆனும் அதைக் காக்காது.

அடுத்த வருடம் மகளுக்குக் கை பழகி, கிளெய்மும் இல்லாமல் 50% வந்துவிட்டால் என்.சி.பி. புரொடெக்ட்டை நீக்கச் சொல்லுங்கள். ரினியூவல் நோட்டீஸில் பழைய ஆட்-ஆன்களெல்லாம் தானாகவே சேர்ந்து வரும். தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடாதீர்கள்.