மோர் கொடுத்தவர்கள் ஏன் ஓட்டுப் போடவில்லை?

வணக்கம் ஐயா,

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு சிறிய கட்சிக்காக எங்கள் ஊரில் வீடு வீடாகப் போனேன். மணல் கொள்ளை, டாஸ்மாக், ஏரி ஆக்கிரமிப்பு என்று எதைப் பேசினாலும் 'நீங்க சொல்றது சரிதான் தம்பி' என்றார்கள். உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். வேட்பாளரைப் பற்றி ஒரு குறை சொன்னவர் இல்லை. எண்ணி முடித்தபோது எங்கள் பூத்தில் 14 ஓட்டு. அதில் எங்கள் வீட்டு ஓட்டே நான்கு! 'காசு வாங்கிட்டானுங்க' என்று எங்கள் ஆட்கள் அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. கொள்கையை ஒத்துக்கொள்கிறவர்கள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?

க., கடலூர் மாவட்டம்

அன்புள்ள க.,

மோர் கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஏரியை மீட்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள், ஆமாம் என்றார்கள். பூத்துக்குள் அவர்கள் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பணம் ஓடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பல ஊர்களில் இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள், இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவரும் கடைசியில் ஒரு பொத்தானைத்தானே அழுத்த வேண்டும்? எதை அழுத்துவது என்று எப்படி முடிவு செய்தார் என்பதற்குக் காசு பதில் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் சங்கத்தில் செங்கொடி பிடித்தவர். கட்சிப் பத்திரிகை இன்னும் அவர் வீட்டுக்கு வருகிறது. 2016இல் மதிமுக, விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணியாக நின்றபோது, இவர் ஓட்டு எங்கே என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு விரல் மையைக் காட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். உதயசூரியனுக்குப் போட்டாராம்.

"என்னண்ணே இது?"

"மனசு அங்கதான். ஆனா அந்தம்மாவை இறக்கணும்ல. மொதல்ல இறக்கிட்டு, அப்புறம் மனசைப் பாத்துக்கலாம்."

அவர் மனைவி போட்டது இலைக்கு. அவரிடமும் கேட்டேன். "இவரு கட்சி ஆபீசுக்குப் போனா டீ கிடைக்கும் தம்பி. முதியோர் பென்ஷன் கிடைக்குமா?" என்றார்.

உங்கள் 14 ஓட்டின் கதையில் பெரும்பகுதி இந்த ஒரே வீட்டில் இருக்கிறது. கணவருக்கு யாரைத் தோற்கடிப்பது என்ற கவலை. மனைவிக்குப் பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, பெரியாஸ்பத்திரியில் ஒரு படுக்கை என்றால் யார் போன் செய்தால் வேலை நடக்கும் என்ற கணக்கு. இரண்டு பேருக்கும் கம்யூனிஸ்ட்டுகள் மேல் மரியாதை உண்டு. நேர்மை என்றவுடன் நாம் எல்லோரும் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு பெயரைச் சொல்கிறோம், 1999இல் கோவை மக்களவைத் தொகுதியில் அவர் தோற்றார். மரியாதை வேறு, ஓட்டு வேறு.

கணவரின் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2016 தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். தேமுதிகவும் தமாகாவும் சேர்ந்த பிறகும் மூன்றாவது அணிக்குக் கிடைத்தது சுமார் 6 சதவீதம், ஓர் இடம்கூட இல்லை. அந்த அணியின் முதல்வர் வேட்பாளரான தேமுதிக தலைவர் விஜயகாந்த் உளுந்தூர்பேட்டையில் மூன்றாமிடத்துக்குப் போய் டெபாசிட்டை இழந்தார். உங்கள் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அடுத்த 2021 தேர்தலில் அதே தொகுதியில் விசிக ஜெயித்தது. கொள்கை அதேதான், பானை மட்டும் திமுக கூட்டணிக்குள் இருந்தது.

தேமுதிக கணக்கு இன்னும் வேடிக்கை. 2006இல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றில். 2011இல் அதிமுகவோடு சேர்ந்து 41 இடங்களில் நின்று 29ஐப் பிடித்தது. மாநில அளவில் ஓட்டு சதவீதம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு! தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையில் இப்படித்தான் நடக்கும். இது மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரியும். 'ஓட்டை வீணாக்காதே' என்று வீட்டுப் பெரியவர் சொல்வது இதைத்தான்.

பத்துக் கொள்கையில் எட்டு ஒத்துப்போனால் போதாதா என்று உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு ஆதங்கம் இருக்கிறது. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பொருந்தி, ரஜ்ஜு இல்லையென்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 2016இல் அந்த ரஜ்ஜு முதல்வர் வேட்பாளர். இடதுசாரிகளையும் விசிகவையும் நெருக்கமாக நினைத்த எத்தனையோ பேருக்கு, அதற்காக விஜயகாந்தைக் கோட்டைக்கு அனுப்ப மனம் வரவில்லை. கூட்டணித் தலைவர்கள் அந்த ஒன்றையும் மற்ற எட்டோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். உங்கள் பேச்சு எடுபட்டால் அது உங்களிடமே இருப்பதில்லை. மதுவிலக்கைப் பாமக ஆண்டுக்கணக்காகப் பேசியது. 2015இல் காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குப் போராட்டக் களத்தில் இறந்த பிறகு அது எல்லோர் வாய்க்கும் வந்துவிட்டது. 2016 தேர்தலில் திமுக முழு மதுவிலக்கு என்றது, அதிமுக படிப்படியாக என்றது. பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட ஜெயலலிதா கையெழுத்துப் போட்டார். தனித்து நின்ற பாமகவுக்கு 5 சதவீத ஓட்டு வந்தது, இடம் வரவில்லை. பெரிய கடையிலேயே அந்தச் சரக்கு கிடைக்கும்போது சின்னக் கடைக்கு யார் வருவார்கள்?

இதில் நம் ஊருக்கென்று தனிச் சாபமும் கிடையாது. மணிப்பூரில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து இரோம் ஷர்மிளா 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தார். அந்தச் சட்டம் வேண்டாம் என்பதில் அங்கே அப்போது பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. 2017இல் தௌபால் தொகுதியில் முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து நின்றார். கிடைத்தது 90 ஓட்டு. நன்றி கெட்ட ஜனங்கள் என்று அப்போது பலர் திட்டினார்கள். நானும் திட்டியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. போராட ஓர் ஆள், தாலுகா ஆபீசுக்கு ஓர் ஆள் என்று ஜனங்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். போராட்டத்துக்கு வந்த ஆளிடம் இரண்டாவது வேலையைக் கொடுக்க, அதையும் அவர் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நீங்கள் மூன்று வாரம் வீடு வீடாகப் போயிருப்பீர்கள். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் ஐந்து வருஷமும் அதே தெருவில் இருக்கிறார், சாவு வீட்டில் பந்தல் போடுவது உட்பட. அவர் கொள்ளையடிக்கிறார் என்பதும் அந்தத் தெருவுக்குத் தெரியும்.

சட்டமன்றத்தை விட்டு வார்டு அளவில் யோசியுங்கள். சில நூறு ஓட்டில் முடிவாகிற இடத்தில் ஓட்டு வீணாகும் என்ற பயம் குறைவு. கவுன்சிலராக ஒரு பட்டாவை மாற்றிக் கொடுக்க வைத்தவரிடம் அடுத்த முறை 'ஜெயிக்கவா போறீங்க' என்று கேட்க மாட்டார்கள்.

அப்புறம், அந்த 14இல் உங்கள் வீட்டு நான்கு போக மீதி பத்துப் பேர் யார் என்று விசாரித்தீர்களா? போடாதவர்களைப் பற்றியே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தால், எதற்காகப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள்.