லேசிக்கா, பி.ஆர்.கே.யா? இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால்…

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5 பவர். கண்ணாடியை விட்டுவிடலாம் என்று லேசிக் என்கிற லேசர் அறுவை பற்றி விசாரித்தேன். கருவிழியின் (கார்னியா) தடிமன் 490 மைக்ரான் இருக்கிறதாம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு மருத்துவர் ‘தாராளமாகச் செய்யலாம்’ என்கிறார். இன்னொருவர் ‘லேசிக் வேண்டாம், பி.ஆர்.கே. என்கிற இன்னொரு லேசர் முறையைச் செய்யலாம்’ என்கிறார். யாரை நம்புவது?

பதில்: நான் இரண்டாமவர் பக்கம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். லேசிக்கில் முதலில் கருவிழியின் மேல்பகுதியைச் சுமார் 110 மைக்ரான் தடிமனுக்கு மூடி போல வெட்டித் திறப்பார்கள். அதற்கு அடியில் உள்ள திசுவை லேசர் செதுக்கும். ஒரு பவருக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் என்று வைத்தால், உங்களுக்கு 80-ஐ ஒட்டி வரும். மிச்சம் சுமார் 300. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய வரையறை. 300-க்குக் குறைந்தாலே தயங்குபவர்கள் இப்போது நிறைய. உங்கள் கண் சரியாக அந்த எல்லையில் இருப்பதால்தான் இரண்டு பதில் வருகிறது.

வெட்டிய மூடி திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழைய வலிமை அதற்கு வராது. பி.ஆர்.கே.யில் மூடியே கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள், அது சில நாளில் வளர்ந்துவிடும். அந்தச் சில நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். லேசிக் இவ்வளவு பிரபலமானதற்கு இந்த வலியும் காத்திருப்பும் இல்லாததே முக்கியக் காரணம்.

இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தால் தயக்கம் ஏன் என்று புரியும். 1970-களில் சோவியத் கண் மருத்துவர் ஃபியோதரவ் கருவிழியில் ஆரம் ஆரமாகக் கீறிப் பவரைக் குறைக்கும் முறையைப் பரப்பினார். உடனடிப் பலன் அருமை. ஆனால் அமெரிக்காவில் 10 ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது, 43 சதவீதக் கண்கள் ஒரு பவரோ அதற்கு மேலோ பிளஸ் பக்கம், அதாவது தூரப்பார்வைப் பக்கம், நகர்ந்திருந்தன. பிறகு எக்சைமர் என்கிற புற ஊதா லேசர் வந்தது. அது சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் செதுக்கும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் (முதலில் சோதித்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்!). பி.ஆர்.கே.க்கு அமெரிக்க அனுமதி 1995-ல் கிடைத்தது. லேசர் துல்லியமானதுதான். ஆனாலும் லேசிக் செய்த சில கண்களில் கருவிழி மெலிந்து முன்னால் புடைப்பதை 1998-ல் ஜெர்மன் மருத்துவர் தியோ சைலர் பதிவு செய்தார். எக்டேசியா என்கிற இது அரிது. வந்தால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திருந்தாது. அறுவை முடிந்து பல மாதம், சில சமயம் பல வருடம் கழித்தும் தலைகாட்டும்.

அதனால் தடிமனைவிடக் கருவிழியின் வடிவத்தைக் காட்டும் டோப்போகிராஃபி வரைபடம் முக்கியம். அதில் கோணல் தெரிந்தால் பி.ஆர்.கே.யும் வேண்டாம்; கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். பற்றிக் கேளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்) இருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் பரிசோதனைக்கு ஒரு வாரமாவது முன்பே கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவே தப்பாக வரும்.

பக்கவிளைவுகளில் அடிக்கடி வருவது கண் வறட்சி. கருவிழியின் நரம்புகள் அறுபடுவதால் வருவது. லேசிக்கில் கொஞ்சம் அதிகம். பெரும்பாலோருக்கு சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் உண்டு. இப்போதே கண் வறண்டு எரிகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கடந்த ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருப்பதும் கட்டாயம்.

எதைச் செய்தாலும், அறுவைக்கு முந்தைய அளவுகளின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவை செய்யும்போது லென்ஸ் பவரைக் கணக்கிட அது உதவும்.