45,000 ரூபாய்க்குள் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறேன், எந்தப் பாகத்தில் காசைக் குறைக்கக் கூடாது?

எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியில். எல்லோரும் பிராசஸரிலிருந்து ஆரம்பிப்பார்கள், நான் இதிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இதில்தான் அடி வாங்கினேன்.

வீடு சென்னை திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கம். முதல் கம்ப்யூட்டருக்கு கேபினட்டோடு சும்மா வந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸே போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு மழை ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்தது, 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாடை. தான் போனதோடு விடாமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது, வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அப்புறம்தான் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டிக்கரையே படித்தேன். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள், 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், ஏனென்றால் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதில்தான் ஓடுகின்றன. அதை 12-ஆல் பெருக்கினால் மொத்த வாட்டுக்குக் கிட்டத்தில் வர வேண்டும். என்னுடையதில் 18 ஆம்பியர், அதாவது 216 வாட்! '80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, அதுவும் 23 டிகிரியில் சோதித்து. நம்ம ஊரில் மே மாதம் ஏ.சி. போட்டால்தான் 23 டிகிரி. அதனால் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா, வாரண்டி 5 வருடமா என்றும் பாருங்கள்.

சரி, நல்லதாகவே வாங்கினாலும் வீட்டில் எர்த் இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை. வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது, மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். பழைய வாடகை வீடுகளில் மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ராம் இரண்டு ஸ்டிக்காக ஒரே கிட்டில் வாங்குங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு டி.பி.டபிள்யூ. எண்ணையும் (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதத் தாங்கும் என்பது) வாரண்டியையும் பாருங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். காசு பத்தவில்லையென்றால் கலர் லைட்டையும் கண்ணாடிக் கதவையும் வெட்டுங்கள், பிராசஸரில்கூட ஒரு படி இறங்கலாம். கடலோரம் என்றால் ஜன்னலை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், உப்புக்காற்றில் என் கேபினட் திருகெல்லாம் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது.

சென்னையில் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் மெட்ரோவில் கவர்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நடந்துவிடலாம். 'பில் இல்லாமல் என்றால் ஐநூறு குறைச்சுக்கலாம் சார்' என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லி, பெட்டியில் இருப்பதோடு அங்கேயே நின்று ஒத்துப்பாருங்கள்.