தணல் வரும் முன்பே சொல்லிவிடுங்கள்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரப் பயிற்சிக்காக அடுத்த மாதம் சியோல் போகிறேன். எங்களை மேசையில் கறி சுட்டுச் சாப்பிடும் கடைக்கு அழைத்துப் போகப்போவதாக அங்குள்ள மேலாளர் சொல்லியிருக்கிறார். பன்றி, கோழி, மீன் சாப்பிடுவேன். மாட்டிறைச்சி தொடமாட்டேன், மதுவும் பழக்கமில்லை. அவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: மேலாளருக்கு இன்றே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: "மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், பன்றி சாப்பிடுவேன்." நம்மில் பலர் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் போய், மேசையில் உட்கார்ந்தபின் தவிக்கிறார்கள். அங்கே ஆளுக்கொரு தட்டில் உணவு வராது. மேசைக்கு ஒரு தணல், ஒரு சுடுதட்டு. நான்கு பேருக்கும் அதே கறிதான். கடைகளும் பெரும்பாலும் பன்றிக்கடை, மாட்டுக்கடை என்று தனித்தனியாகவே இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மேலாளர் கடையையே மாற்றிக்கொள்வார். அழைத்துப் போனவருக்கு உண்மையில் வருத்தம் தருவது, விருந்தாளி வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதுதான்.

'கால்பி' என்ற பெயரில் மட்டும் கவனம் வேண்டும். அதற்கு விலா என்றுதான் பொருள். 'சோ கால்பி' மாடு, 'த்வேஜி கால்பி' பன்றி. சுவோன் நகரம் பெரிய மாட்டு விலாவுக்குப் பேர்போனது. சியோலின் மாப்போ பகுதி பன்றி விலாவுக்கு. 'தாக்கால்பி' என்றால் சுன்சோன் ஊரின் கோழி, பெரிய இரும்புச் சட்டியில் காரமாகப் புரட்டுவது. நேரில் சொல்ல வேண்டி வந்தால் 'சோகோகி மோன் மொகொயோ' போதும். மாட்டுக்கறி சாப்பிட இயலாது என்று பொருள்.

நீங்கள் பெரும்பாலும் சாப்பிடப்போவது சம்கியோப்சால், அதாவது பன்றியின் வயிற்றுக்கறி. தோலுக்குக் கீழே கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருப்பதால் 'மூன்றடுக்குக் கறி' என்று பெயர். ஆள்கணக்கை 'இன்புன்' என்பார்கள். ஓர் இன்புன் பெரும்பாலும் 150 முதல் 200 கிராம். பல கடைகளில் இரண்டு இன்புன்னுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். பின்னொரு நாள் தனியாகப் போய்ப் பார்க்க நினைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

சுடும் விதத்தை நிதானமாகக் கவனித்துக்கொள்ளுங்கள், சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது. தட்டு நன்றாகக் காய்ந்தபின், விரல் தடிமனுள்ள நீளத் துண்டை அப்படியே கிடத்துவார்கள். உடனே புரட்டக்கூடாது. மேல்புறம் ஈரம் முத்து முத்தாகத் துளிர்க்கும்போது ஒரே புரட்டு. இருபுறமும் பொன்னிறமானதும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கத்திரிக்கோலால் வாய்க்கு அளவாக நறுக்கி, வெட்டுமுகமும் சிவக்கும்படி துண்டுகளை நிறுத்திவைப்பார்கள். தட்டு சற்றே சாய்ந்திருக்கும். உருகும் கொழுப்பு வழிகிற பக்கத்தில் கிம்ச்சியை, அதாவது காரமிட்டுப் புளிக்கவைத்த கோஸை, பரப்பினால் அது தானே வறுபட்டுவிடும். என்னைக் கேட்டால் கறியைவிட அந்தக் கிம்ச்சிக்காகவே போகலாம். பன்றிக்கறி உள்வரை வெந்திருக்க வேண்டும். பச்சைக்கறி தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். கடைக்காரரே இடுக்கியை எடுத்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் மேசையில் இளையவர்தான் பெரும்பாலும் சுடுவார். நீங்கள் கைநீட்டினால் சந்தோஷப்படுவார்கள்.

மசாலாவில் ஊறிய கறியைக் கடைசியில்தான் போடுவார்கள். அதில் உள்ள சர்க்கரை சட்டென்று கரிந்து தட்டில் பிடித்துக்கொள்ளும். தட்டு கறுத்தால் 'புல்பான் காரா ஜுசேயோ' என்று கேளுங்கள், புதுத் தட்டு வைப்பார்கள்.

சாப்பிடும் முறை நமக்கு அந்நியமில்லை, வெற்றிலை மடிக்கத் தெரிந்தால் போதும். உள்ளங்கையில் ஒரு லெட்டூஸ் இலை, அதன்மேல் 'கேன்னிப்' என்ற மணமுள்ள இலை, ஒரு துண்டுக் கறி, பூண்டுச் சீவல், பச்சைமிளகாய், பட்டாணி அளவு 'ஸ்ஸாம்ஜாங்' விழுது. மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் பிரிந்து கொட்டும். ஆகவே சிறிதாகவே மடியுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பிட்ட எள்ளெண்ணெய் இருக்கும். வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெயைவிட மணம் தூக்கல். முதல் துண்டை அதில் மட்டும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சுற்றி வைத்திருக்கும் சிறு தொடுகறிகள் 'பாஞ்சான்'. தீர்ந்தால் காசில்லாமல் மறுபடி தருவார்கள், சில கடைகளில் நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். ஸ்பூனும் சாப்ஸ்டிக்கும் பல கடைகளில் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். அழைக்க மேசையிலேயே மணி உண்டு. பழைய கடைகளில் பரிமாறும் பெண்மணியை 'இமோ' என்று கூப்பிடுவார்கள். தாயின் சகோதரியைக் குறிக்கும் சொல், நாம் சித்தி என்போமே அது.

கறி முடிந்ததும் "சாப்பாடு என்ன?" என்று கேட்பார்கள். அதுவரை சாப்பிட்டது அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. மாடு தவிர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குளிர்ந்த 'நேங்மியோன்' சேமியாவின் சாறு பெரும்பாலும் மாட்டு எலும்பிலோ கறியிலோ எடுத்தது. 'த்வென்ஜாங்' என்ற சோயா விழுதுக் குழம்பிலும் கறிக்கடைகளில் மாட்டுத் துண்டு கிடப்பது சகஜம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறும் சோறும் கிம்ச்சியும் போதும்.

மதுவுக்குப் பெரிதாகக் கலங்காதீர்கள். குடிப்பதில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டு 'சைடா' கேளுங்கள். கொரியாவில் அது எலுமிச்சை வாசமுள்ள சோடா, போதை கிடையாது. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, எல்லோரோடும் உயர்த்துங்கள். பெரியவர் கிளாஸ் காலியாக இருந்தால் நீங்களே இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்றுங்கள். குடிக்காத நீங்கள் அவரை மதிக்கிறீர்கள் என்பது அந்த ஒரு செயலில் தெரிந்துவிடும். மூத்தவர் ஸ்பூனை எடுத்தபின் நீங்கள் எடுங்கள்.

டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. வாசலருகே கல்லாவில் மேலாளர் பணம் கட்டுவார், நீங்கள் பர்ஸைத் திறக்க வேண்டாம். வெளியே வந்ததும் 'ஜால் மொகொஸ்ஸும்னிதா', நன்றாகச் சாப்பிட்டேன், என்று தலை தாழ்த்திச் சொல்லுங்கள். மறுநாள் கூட்டத்துக்கு வைத்திருக்கும் கோட்டை மட்டும் அன்று போட்டுப் போகாதீர்கள். மேலே உறிஞ்சுகுழாய் இருந்தாலும் புகையும் கொழுப்பு வாசமும் துணியில் ஏறிவிடும். கடையில் தரும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இருக்கைக்கு மூடி இருந்தால் அதைத் திறந்து பையையும் மேல்சட்டையையும் உள்ளே போட்டுவிடுங்கள்.