டெர்மினல்ல ஓடுது, கிரான்ல மட்டும் ஏன் படுத்துக்குது?

கேள்வி: உபுண்டு செர்வர்ல பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் வெச்சிருக்கேன். அது கூப்பிடுற புரோகிராம் என் ஹோம் டைரக்டரிக்குள்ள இருக்கு, அந்த இடத்தை பாஷ்ஆர்சி ஃபைலோட (பாஷ் படிக்கிற செட்டிங் ஃபைல்) கடைசில, புரோகிராமை எந்தெந்த டைரக்டரில தேடணும்னு சொல்ற பாத் வேரியபிள்ல சேர்த்துட்டேன். லாகின் பண்ணி ஓட்டினா ஓடுது. குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டிவிடுற கிரான்ல போட்டாலும், லேப்டாப்ல இருந்து செர்வருக்குள்ள போற எஸ்எஸ்எச்லயே கமாண்டை சேர்த்து அனுப்பினாலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு வருது. எந்த ஃபைல்ல எழுதணும்?

பதில்: எந்த ஃபைல்னு தேடுறதை விட்டுடுங்க, உங்க கமாண்டை வாங்கி ஓட்டுற ஷெல்லை (உபுண்டுல லாகின் பண்ணா வர்றது பாஷ்ங்கிற ஷெல்) யாரு எப்படி கிளப்பிவிட்டாங்கன்னு பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

பாத் மாதிரி வேரியபிள் எல்லாம் இருக்கிற என்விரான்மென்ட்ங்கிறது அப்பன் புராசஸ் (ஓடிட்டிருக்கிற புரோகிராம்) தான் கிளப்பிவிடுற பிள்ளை புராசஸுக்கு குடுத்தனுப்புற கட்டுச்சோறு மாதிரி. அப்பன்கிட்ட இருக்கறதோட நகல்தான் பிள்ளைக்குப் போகும், பிள்ளை அதுல என்ன மாத்தினாலும் அப்பனுக்கு தெரியாது. பிள்ளைக்கும் போகட்டும்னு எக்ஸ்போர்ட் பண்ணாத வேரியபிள் போகவே போகாது. இதுக்கு மேல ஷெல்லே சில ஃபைலை படிச்சு சேர்த்துக்கும், ஆனா எதை படிக்கும்ங்கிறது ரெண்டு விஷயத்தை பொறுத்தது: அது லாகின் ஷெல்லா, அப்புறம் நீங்க உக்காந்து டைப் பண்ற ஷெல்லா.

பாஷ் லாகின் ஷெல்லா வந்தா முதல்ல சிஸ்டம் முழுசுக்குமான ப்ரொஃபைலை படிக்கும், அப்புறம் உங்க ஹோம்ல பாஷ்_ப்ரொஃபைல், பாஷ்_லாகின், ப்ரொஃபைல்னு இந்த வரிசையில தேடி முதல்ல சிக்குற ஒண்ணை மட்டும் படிச்சுட்டு நிறுத்திடும். உபுண்டு ஹோம்ல வெச்சுக் குடுக்கிற ப்ரொஃபைல் ஃபைல் உள்ளுக்குள்ள பாஷ்ஆர்சியையும் இழுத்துக்கும், நீங்க லாகின் பண்ணும்போது ஓடுறது அதனாலதான். (ஏதாவது இன்ஸ்டாலர் புதுசா ஒரு பாஷ்_ப்ரொஃபைலை உருவாக்கிட்டு போச்சுன்னா ப்ரொஃபைலும் போச்சு, அதோட பாஷ்ஆர்சியும் போச்சு, நான் இதுல ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன்.)

எஸ்எஸ்எச்ல நேரா கமாண்ட் குடுக்கறது தனி வேடிக்கை. உபுண்டு பாஷ் அப்பவும் பாஷ்ஆர்சியை திறக்கத்தான் செய்யும், ஆனா அந்த ஃபைலோட தலைமாட்டுலயே "எதிர்ல ஆள் உக்காந்திருக்கலன்னா இதோட திரும்பிடு"ன்னு சில வரி இருக்கு, திறந்து பாருங்க. உங்க எக்ஸ்போர்ட் வரி அதுக்கு கீழ கிடக்கு, அது வரைக்கும் போகவே இல்ல. உங்க எக்ஸ்போர்ட் வரியை தூக்கி அந்த சில வரிக்கு மேல போடுங்க, எஸ்எஸ்எச் பிரச்சனை முடிஞ்சது.

கிரான் இன்னும் மோசம். அது பாஷையே கூப்பிடாது, உங்க வரியை சாதா எஸ்எச்சுக்குதான் குடுக்கும், உபுண்டுல எஸ்எச்ங்கிறது டேஷ்னு வேற ஒரு ஷெல். லாகினும் இல்ல, எதிர்ல ஆளும் இல்ல, அதனால உங்க ஹோம்ல இருக்கிற ஒரு ஃபைலையும் தொடாது. ஸ்கிரிப்ட் முதல் வரியில பாஷ்னு எழுதியிருந்தாலும் கதை அதேதான், ஸ்கிரிப்ட் ஓட்டும்போது பாஷ் பாஷ்ஆர்சியை படிக்காது. சிலர் ஸ்கிரிப்டுக்குள்ள பாஷ்ஆர்சியை சோர்ஸ் பண்ண (அங்கயே படிச்சு ஓட்ட) சொல்லுவாங்க, கேக்காதீங்க, அதே தலைமாட்டு வரி அங்கயும் திருப்பி அனுப்பிடும், அதுக்கு கீழ இருக்கிறது எதுவும் வராது.

ஸ்கிரிப்டோட ரெண்டாவது வரியிலயே பாத்தை எழுதி எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, நான் எப்பவும் இப்படித்தான் செய்வேன், ஏன்னா நாளைக்கு வேற செர்வருக்கு தூக்கிட்டு போனாலும் ஸ்கிரிப்டோடயே வந்துடும். எதை எப்ப ஓட்டணும்னு கிரானுக்கு எழுதி வைக்கிற கிரான்டேப் ஃபைலோட மேலயும் எழுதலாம், ஆனா அங்க டாலர் போட்டு ஹோம்னு எழுதினா கிரான் அதை விரிக்காது, அப்படியே எழுத்தா வெச்சுக்கும், முழு டைரக்டரி பேரையும் எழுதணும்.

சரியாச்சான்னு பாக்க ராத்திரி கிரான் ஓடுற வரைக்கும் காத்திருக்க வேணாம். என்வ் கமாண்டை சின்ன ஐ ஆப்ஷனோட போட்டா எல்லா வேரியபிளையும் துடைச்சுடும், கூடவே ஹோமையும், யூஎஸ்ஆர் பின், பின் ரெண்டு மட்டும் இருக்கிற பாத்தையும் குடுத்து எஸ்எச் வழியா ஸ்கிரிப்டை ஓட்டுங்க. அதுல ஓடிடுச்சுன்னா கிரான்லயும் பாத் பிரச்சனை வராது.