எம்.எஸ்சி.யா, பி.எட்.டா? எது முதலில்?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். இதுவரை 74 சதவீதம். "எம்.எஸ்சி. முடித்தாலும் கடைசியில் பி.எட். படித்து டீச்சராகத்தானே போகப் போகிறாய்? எதற்கு இரண்டு வருடம் வீண்?" என்கிறார் அப்பா. எங்கள் துறைப் பேராசிரியரோ, இப்போது விட்டால் இயற்பியல் கையைவிட்டுப் போய்விடும் என்கிறார். பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கும் அவன் நண்பர்களுக்கும் நான்தான் மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. தம்பியும் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போக வேண்டும். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நான் உங்கள் பேராசிரியர் பக்கம். ஆனால் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. "படிப்பு என்றைக்கும் வீணாகாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அவர் வாயை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. கணக்கோடு பேசுவோம்.

பி.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை. அதற்கு முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். தேறிவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது. 2013-இல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் பணி கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை அப்பாவும் செய்தித்தாளில் படித்திருப்பார்.

எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்தால் முதுகலை ஆசிரியர். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகள். இதற்குத் தகுதித் தேர்வு கேட்பதில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் நேரடியாகவே போட்டித் தேர்வு நடத்துகிறது. தமிழ்த் தகுதித் தாள் தனி. அதை விட்டுவிட்டு, 150 மதிப்பெண் கொண்ட முதன்மைத் தாளைப் பாருங்கள். கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10, பாடத்துக்கு 110. அதுவும் முதுகலைத் தரத்துப் பாடம். அப்பா வீண் என்று சொல்கிற இரண்டு ஆண்டுகள்தான் அந்த 110. இதை அவரிடம் அப்படியே காட்டுங்கள்.

நீங்கள் மாலையில் சொல்லித் தருவது பிளஸ் டூ இயற்பியல் என்பதையும் கவனித்தேன். 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய மேல்நிலைப் பாடநூல்களை நடத்த, பி.எஸ்சி.யில் படித்தது பல இடங்களில் மூச்சு வாங்கும். உங்களுக்குப் பிடித்த வகுப்பு எதுவோ, அதற்கு வேண்டிய படிப்பு எம்.எஸ்சி.தான்.

ஆக, இரண்டும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் சிக்கல். இரண்டு ஆண்டுகள் பாடக்குறிப்பும் குழந்தை உளவியலும் எழுதிவிட்டு, அதன்பின் புள்ளியியல் இயக்கவியல் வகுப்பில் போய் உட்கார்வது கொடுமை. கணிதம் கையில் ஓடாது. பி.எட்.டுக்கு அந்தச் சிரமம் இல்லை. இரண்டு ஆண்டு தள்ளிப் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது, வயதும் பாட அறிவும் கூடியிருப்பது வகுப்பறையில் உதவவே செய்யும். தவிர, எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் எடுத்தால் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் தேர்வு எழுதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் முயலலாம். பி.எட். அந்தக் கதவைத் திறக்காது.

இன்னொன்று. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு பி.எட்.டை ஓராண்டாக்கலாம் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டில் கல்லூரியின் விளக்கக் கையேட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் விதி.

பி.எட்.டை மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி 20 வாரம் பள்ளியில் பயிற்சி. தம்பியின் நண்பர்கள் நான்கைந்து பேருக்குச் சொல்லித் தருவதும், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் சேர்த்து நாற்பது பேரை இழுத்துப் பிடிப்பதும் ஒன்றல்ல. அதைக் கற்றுத்தரும் இடம் அது. வகுப்புக்கு வராமலேயே முடித்துவிடலாம் என்று ஆசை காட்டும் கல்லூரிகள் இருக்கின்றன; அங்கே கட்டுகிற பணம்தான் உண்மையில் வீண். சென்னையில் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன் போன்ற அரசு கல்வியியல் நிறுவனங்களில் கலந்தாய்வு வழியாக இடம் பிடிக்கப் பாருங்கள், கட்டணமும் குறைவு.

என் யோசனையைத் தலைகீழாக மாற்றும் நிலைமைகள் இரண்டு. இரண்டே ஆண்டில் உங்கள் சம்பளம் வீட்டுக்கு வந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் தம்பியின் படிப்பு நிற்கும் என்றால் பி.எட்.டுக்குப் போங்கள், தனியார் பள்ளிகளில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்வார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பிறகு எம்.எஸ்சி.யைத் தொலைநிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயங்குங்கள். கணிதத்துக்கு அது ஓரளவு சரிவரும், ஆய்வகம் இல்லாத இயற்பியல் பாதிப் படிப்பு. இரண்டாவது நிலைமை உங்களுக்கு மட்டுமே தெரியும். குவாண்டம் இயக்கவியல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மென்று விழுங்குகிறீர்களா, அல்லது புரியாதபோது எரிச்சலோடாவது திரும்பிப் போய்ப் பார்க்கிறீர்களா? முதலாவது என்றால் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுச் சிறைவாசம். பத்தாம் வகுப்பு வரை மகிழ்ச்சியாகக் கற்பிக்கும் ஆசிரியராக இருப்பதில் குறைவொன்றும் இல்லை.

எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைப் பாருங்கள். கவர்ச்சியான புதுப் பெயர்களில் உள்ள படிப்புகளை, நேரடி இயற்பியலுக்கு இணையானது என்ற அரசாணை இருந்தால்தான் பள்ளிப் பணிக்கு ஏற்பார்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டிலும் ஒரே பாடம் இருப்பதே பாதுகாப்பு. இணைத்தன்மை இல்லை என்று சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்த அரசாணையின் எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.